நோமிலிருந்து கொட்ஸபியூவுக்கு: தொலைதூர விமான நிலையங்களுக்கு இடையே தூரத்தையும் பயண நேரத்தையும் கணக்கிட முழுமையான வழிகாட்டி

இரண்டு விமான நிலையங்களின் பெயரைக் கொடுத்தால் தூரத்தையும் நேரத்தையும் நொடியில் சொல்லிவிடும் கணிப்பான்கள் இணையத்தில் ஏராளம். அவற்றில் பல பின்பற்றும் விதி மிக எளிது. நேர்க்கோட்டுத் தூரத்தை மணிக்கு 500 மைலால் வகுக்கின்றன, புறப்பாட்டுக்கும் இறக்கத்துக்கும் சேர்த்து அரை மணியைக் கூட்டுகின்றன. சென்னைக்கும் டெல்லிக்கும் இந்த விதி ஓரளவு பொருந்தும். அலாஸ்காவின் மேற்குக் கரையில் இருக்கும் நோமுக்கும் கொட்ஸபியூவுக்கும் இதைப் போட்டால் 52 நிமிடம் என்று விடை வரும். அந்த 52 நிமிடத்தை நம்பி ஒருவருக்குப் பயணத் திட்டம் போட்டுக்கொடுத்தால், அவர் ஒரு நாளை, சில சமயம் இரண்டு நாளை இழப்பார்.

ஆட்களைத் தொலைதூர இடங்களுக்கு அனுப்பும் வேலையில் சில ஆண்டுகள் இருந்தவன் நான். அங்கே பிடிபட்ட முறையைத்தான் இந்த ஒரு வழித்தடத்தின் மேல் போட்டுக் காட்டப்போகிறேன். இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நோமில் சுமார் 3,700 பேரும் கொட்ஸபியூவில் சுமார் 3,100 பேரும் வாழ்கிறார்கள். இரண்டு ஊர்களையும் இணைக்கும் சாலை கிடையாது, ரயிலும் கிடையாது. நோமிலிருந்து மூன்று சாலைகள் கிளம்புகின்றன. ஒன்று டெல்லருக்கும், ஒன்று கவுன்சிலுக்கும், மூன்றாவது கூகரொக் பக்கமும் நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓடி அப்படியே முடிந்துவிடுகின்றன. விமானம் தவறினால் பஸ் பிடிக்கலாம் என்ற நினைப்புக்கே அங்கே இடமில்லை. எனவே கணக்கில் விழும் ஒவ்வொரு ஓட்டையும் பயணியின் தலையில்தான் விடியும்.

முதல் படி: ஊரை விட்டுவிட்டு ஓடுபாதையைப் பிடியுங்கள்

ஊர்ப் பெயரை வைத்துத் தூரம் தேடாதீர்கள். விமான நிலையத்தின் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். நோமுக்கு மூன்றெழுத்துக் குறியீடு ஓ.எம்.ஈ., கொட்ஸபியூவுக்கு ஓ.டி.இசட். டிக்கெட்டில் வருவது இதுதான். வானிலை அறிக்கையிலும் விமானி கையில் வைத்திருக்கும் வரைபடத்திலும் நான்கெழுத்துக் குறியீடு வரும்: பி.ஏ.ஓ.எம்., பி.ஏ.ஓ.டி. இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரில் இரண்டு ஓடுபாதைத் திடல்கள் இருப்பது அலாஸ்காவில் அதிசயம் அல்ல. நோமிலேயே பெரிய விமான நிலையத்தைத் தவிர, ஊரையொட்டிச் சரளைக்கல் ஓடுபாதையுடன் ஒரு சிறு திடலும் உண்டு.

அடுத்து ஆயங்கள். நோம் வடக்கு 64.5122 பாகை, மேற்கு 165.4453 பாகை. கொட்ஸபியூ வடக்கு 66.8847, மேற்கு 162.5986. மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட வேண்டும். இரண்டுக்குமே போட மறந்தால் நல்லவேளையாக விடை மாறாது. ஒன்றுக்கு மட்டும் மறந்தால் உங்கள் பயணி கிழக்கு சைபீரியாவில் நிற்பார்.

என் முதல் விரிதாளில் நான் செய்த தவறு வேறு. ஒரு பழைய பட்டியலில் நோமின் அட்சரேகை 64 பாகை 30 கலை 44 விகலை என்று இருந்தது. நான் அதை 64.30 என்று உள்ளிட்டேன். ஒரு பாகைக்கு 60 கலை; 30 கலை என்றால் அரைப் பாகை, அதாவது 0.5. என் விரிதாளில் நோம் ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்து பெரிங் கடலுக்குள் போய்விட்டது. விடை பார்ப்பதற்கு நம்பும்படியாகவே இருந்தது என்பதுதான் கொடுமை. 294 வரவேண்டிய இடத்தில் 316 வந்தால் யாருக்குச் சந்தேகம் வரும்? அன்றிலிருந்து எந்த ஆயத்தையும் வரைபடத்தில் குத்திப் பார்க்காமல் அடுத்த படிக்கு நான் போவதில்லை. புள்ளி ஓடுபாதையின் மேல் விழ வேண்டும்.

இரண்டாம் படி: தூரத்தைக் கையாலேயே போட்டுப் பாருங்கள்

கணிப்பான் இருக்கும்போது கையால் ஏன் என்று கேட்கலாம். ஒருமுறை கையால் போட்டவருக்கு, கணிப்பான் தவறாகச் சொல்லும்போது உறுத்தும். அதற்காகத்தான்.

அட்சரேகையின் ஒரு பாகை பூமியில் எங்கே போனாலும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையின் ஒரு பாகை அப்படியில்லை. நிலநடுக்கோட்டில் அதுவும் 111 கிலோமீட்டர்தான், ஆனால் வடக்கே போகப் போகக் கோடுகள் நெருங்கி, துருவத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். எவ்வளவு சுருங்குகிறது என்பதை அந்த இடத்து அட்சரேகையின் கோசைன் சொல்லும். மதுரை அளவில், 10 பாகையில், கோசைன் 0.985. சுருக்கமே தெரியாது. பள்ளியில் வரைபடத் தாளில் அளந்து பழகிய நம் கைக்கு இந்தச் சுருக்கம் பழக்கமில்லாமல் போனதற்கு அதுவே காரணம். நோம் பக்கம் அதே கோசைன் 0.43. பாதிக்கும் கீழே.

இப்போது கணக்கு. அட்சரேகை வித்தியாசம் 2.3725 பாகை. தீர்க்கரேகை வித்தியாசம் 2.8467 பாகை. இரண்டு ஊர்களுக்கும் நடுவான அட்சரேகை 65.7, அதன் கோசைன் 0.4115. தீர்க்கரேகை வித்தியாசத்தை இதனால் பெருக்கினால் 1.1714. பிறகு பித்தாகரஸ்தான்: 2.3725-இன் வர்க்கம் 5.629, 1.1714-இன் வர்க்கம் 1.372, கூட்டினால் 7.001, வர்க்கமூலம் 2.646 பாகை. ஒரு பாகைக்கு 60 கலை. ஒரு கலை என்பது ஒரு கடல் மைல். கடல் மைல் பிறந்ததே அப்படித்தான். எனவே 2.646-ஐ 60-ஆல் பெருக்க 158.8 கடல் மைல். 1.852-ஆல் பெருக்கினால் 294 கிலோமீட்டர். சாதாரண மைலில் 183.

கோசைனைப் போட மறந்திருந்தால் 412 கிலோமீட்டர் வந்திருக்கும். நாற்பது விழுக்காடு கூடுதல்.

500 கிலோமீட்டருக்குள் இந்தக் குறுக்கு வழி போதும். அதற்கு மேல் கோளத்துக்கான சூத்திரத்துக்குப் போங்கள். இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். இரண்டு அட்சரேகைகளின் கோசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனையும் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டினால் வருவது நீங்கள் தேடும் கோணத்தின் கோசைன். கோணத்தைக் கண்டுபிடித்து 60-ஆல் பெருக்கினால் கடல் மைல். இதைக் குறுகிய தூரத்துக்குப் போடும்போது ஒரு எச்சரிக்கை: நம் வழித்தடத்துக்கு அந்தக் கோசைன் 0.9989 என்று வரும். நான்காவது தசமத்தோடு வெட்டிவிட்டால் விடை சில கிலோமீட்டர் தள்ளிப்போகும். ஏழெட்டு தசமம் வரை வைத்துக்கொள்ளுங்கள்.

பூமி சரியான உருண்டை இல்லை என்பதால் துல்லியமான கருவிகள் ஒரு கிலோமீட்டர் கூடவோ குறையவோ காட்டும். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது 'மைல்' என்ற சொல்லைப் பற்றி. அமெரிக்க வலைத்தளம் மைல் என்றால் 1.609 கிலோமீட்டர். விமானி மைல் என்றால் பெரும்பாலும் 1.852. அதே அமெரிக்க விமானி பார்வைத் தொலைவைச் சொல்லும்போது மட்டும் மறுபடி 1.609. மூன்றையும் ஒரே உரையாடலில் கேட்டிருக்கிறேன்.

மூன்றாம் படி: கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள்

நோமிலிருந்து கிளம்பும் கோடு வடக்கிலிருந்து 25 பாகை கிழக்கே சாய்ந்து போகிறது. கிளம்பி ஐம்பது அறுபது கிலோமீட்டரில் கிக்லுயெய்க் மலைத்தொடரின் கிழக்கு ஓரம். அந்தத் தொடரின் உயர்ந்த சிகரமான ஆஸ்போர்ன் 4,714 அடி. நம் நீலகிரியைப் பார்த்தவர்களுக்கு அது சிறு மலைதான், ஆனால் நோம் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 40 அடிகூட இல்லை, மேகமும் தாழ்ந்து கிடக்கும் ஊர் அது. மலையைத் தாண்டினால் மரமே இல்லாத துந்திரச் சமவெளி. கடைசி மூன்றில் ஒரு பங்கு கொட்ஸபியூ சவுண்ட் என்னும் கடல் வளைகுடாவின் மேல். ஆண்டின் பெரும்பகுதி அது உறைந்து கிடக்கும்.

பெரிய ஜெட் விமானத்துக்கு இதில் எதுவும் பொருட்டல்ல. ஒற்றை எஞ்சின் சிறு விமானத்துக்கு எல்லாமே பொருட்டு. மேகம் தாழ்ந்திருக்கும் நாளில் மலையைச் சுற்றிக்கொண்டு போகலாம்; கடலுக்கு மேல் குறுக்கே போகாமல் கரையோரமாகவும் போகலாம். ஆகவே 294 கிலோமீட்டரை அப்படியே வைத்துக்கொள்ளாமல், சிறு விமானம் என்றால் ஐந்து முதல் பத்து விழுக்காடு கூட்டிக்கொள்வது என் வழக்கம். இது என் கைக்கணக்கு, எந்த நூலிலும் இல்லை.

நான்காம் படி: வேகம், காற்று, தரையில் உருளும் நேரம்

இந்தப் பகுதியில் சிறு விமானம் என்றால் பெரும்பாலும் செஸ்னா கேரவன். ஒரே எஞ்சின், ஒன்பது பயணிகள் வரை, சரளைப் பாதையிலும் இறங்கும். திட்டமிட 160 நாட் என்று வைத்துக்கொள்ளலாம். நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். அப்படியானால் 159 கடல் மைலுக்கு ஒரு மணி நேரம். உருளவும் ஏறவும் இறங்கவும் பத்து நிமிடம். காற்றே இல்லாத நாளில் 70 நிமிடம்.

காற்றே இல்லாத நாள் அங்கே அரிது. எதிரே 30 நாட் காற்று அடித்தால் தரைவேகம் 130 ஆகிவிடும். பறக்க 73 நிமிடம். முதுகில் அதே காற்று என்றால் 190, 50 நிமிடம். போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம் என்று தோன்றும். பிடிக்க முடியாது. போக வர 123 நிமிடம் ஆகிறது, காற்றில்லாமல் 119. காரணம் எளிது. எதிர்க்காற்றில் மெதுவாகப் போவதால் அந்தக் காற்றில் அதிக நேரம் இருக்கிறோம், பின்காற்றில் சீக்கிரம் போய்விடுவதால் அதன் உதவி குறைந்த நேரமே கிடைக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் போய்வரும் பயணம் நீளும்.

போயிங் 737 என்றால் கதை வேறு. அதன் முழு வேகம் மணிக்கு 840 கிலோமீட்டர் அளவில். ஆனால் 294 கிலோமீட்டரில் ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். முழு வேகத்தில் பறப்பது சில நிமிடங்களே. கதவு மூடி, கதவு திறக்கும் வரை முக்கால் மணியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

தூரம் குறையக் குறைய இந்த வகுத்தல் கணக்குப் பொருளற்றதாகும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே 2.7 கிலோமீட்டர்தான். லோகனேர் என்ற விமான நிறுவனம் 1967 முதல் அதில் பறக்கிறது. அட்டவணையில் இரண்டு நிமிடம் என்று போட்டிருக்கும். காற்று உதவினால் ஒரு நிமிடத்துக்குள்ளும் முடிந்திருக்கிறது. மணிக்கு 500 மைலும் அரை மணியும் என்ற விதி இதற்கு அரை மணிக்கு மேல் காட்டும்.

ஐந்தாம் படி: விமானம் உண்மையில் பறக்கிறதா?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. ஐந்தாவதாக வைத்ததற்குக் காரணம், முந்தைய நான்கும் கையில் இருந்தால்தான் வரும் பதிலின் அபத்தம் புரியும்.

தொலைதூர ஊர்களை விமான நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணைப்பதில்லை. ஒவ்வொன்றையும் ஒரு பெரிய ஊரோடு இணைக்கின்றன. அலாஸ்காவில் அந்தப் பெரிய ஊர் அங்கரேஜ். அங்கிருந்து நோம் 867 கிலோமீட்டர், கொட்ஸபியூ 884. அலாஸ்கா ஏர்லைன்ஸ் நெடுங்காலமாக இரண்டையும் சேர்த்து முக்கோணமாகப் பறந்திருக்கிறது: அங்கரேஜ், ஒரு ஊர், மற்ற ஊர், மறுபடி அங்கரேஜ். அந்த முக்கோணத்தின் குட்டிப் பக்கம்தான் நம் 294 கிலோமீட்டர். முக்கோணம் எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். கொட்ஸபியூவிலிருந்து நோமுக்கு வரும் திசையில் சுற்றினால், நோமிலிருந்து கொட்ஸபியூ போக வேண்டியவருக்கு அதனால் பயனில்லை.

அந்த முக்கோணத்தில் 2017 வரை ஓடிய விமானங்களை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. 737-400 ரகத்தில் முன்பாதி சரக்கு, பின்பாதியில் 72 பயணிகள். பாலும் மருந்தும் முன்னால், ஆட்கள் பின்வாசல் வழியாக. அந்த ஊர்களில் எதற்கு முன்னுரிமை என்று அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

சிறு விமானத்துக்குப் பெரிங் ஏர் போன்ற வட்டார நிறுவனங்கள். நோம், கொட்ஸபியூ, உனலக்லீட் மூன்றையும் மையமாக வைத்துச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் பறக்கிறார்கள். எல்லா நாளும் எல்லா வழியும் இருக்காது. தேடுபொறிகளிலும் இவர்களின் விமானங்கள் முழுமையாக வராமல் போகலாம். நிறுவனத்தின் தளத்தைப் பாருங்கள், பிறகு தொலைபேசியில் கேளுங்கள். கேட்க வேண்டியவை மூன்று: எந்தெந்தக் கிழமை, நேராகவா வழியில் கிராமத்தில் இறங்கியா, முந்தைய விமானம் தாமதமானால் இது காத்திருக்குமா.

நேரடி விமானம் இல்லாத நாளில் என்ன ஆகும்? நோமிலிருந்து அங்கரேஜுக்கு ஒன்றரை மணி, அங்கே காத்திருப்பு, அங்கிருந்து கொட்ஸபியூவுக்கு இன்னொரு ஒன்றரை மணி. 294 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஊருக்கு 1,751 கிலோமீட்டர் பறக்கிறோம், ஆறு மடங்கு. மதியமோ மாலையோ கிளம்பினால் அங்கரேஜில் ஒரு இரவு. இணையக் கணிப்பானில் அப்போதும் 52 நிமிடம்தான் இருக்கும்.

ஆறாம் படி: வானிலை, எரிபொருள், எடை. மூன்றும் ஒரே கணக்கு

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

கொட்ஸபியூவில் பனித்தூள் காற்றில் அள்ளப்பட்டு ஓடுபாதை தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். பெரிய நகரத்தில் இறங்க முடியாவிட்டால் பக்கத்தில் வேறொரு விமான நிலையம் இருக்கும். இங்கே ஓரளவு வசதியுள்ள அடுத்த விமான நிலையம் எது? கிளம்பிய நோமேதான். எனவே கருவிகளை நம்பிப் பறக்கும் விதிப்படி விமானி போகும் எரிபொருளை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்ப முடியாது. போவதற்கு ஒரு மணி, இறங்க முடியாமல் மாற்று நிலையத்துக்குத் திரும்ப ஒரு மணி, அதற்கு மேல் அமெரிக்க விதி கேட்கும் 45 நிமிடக் கையிருப்பு. ஒரு மணி நேரப் பயணத்துக்கு இரண்டே முக்கால் மணி நேர எரிபொருள்.

கேரவன் மணிக்கு ஏறத்தாழ 150 முதல் 180 கிலோ எரிபொருள் குடிக்கும். அதாவது கூடுதலாகச் சுமக்கும் ஒவ்வொரு மணி நேர எரிபொருளும் இரண்டு ஆட்களின் எடை. வானிலை நன்றாக இருக்கும் நாளில் எட்டுப் பேர் போகும் விமானத்தில், வானிலை கெட்ட நாளில் ஐந்தாறு பேர்தான் போக முடியும். அல்லது ஆட்கள் போவார்கள், பெட்டிகள் நாளை வரும். இருக்கை காலியாக இருப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே "இடமில்லை" என்ற பதிலைக் கேட்கும் புதியவர்கள் கோபப்படுவது இதனால்தான். இடம் இருக்கிறது, எடை இல்லை.

அதனால்தான் இத்தகைய விமானங்களில் உங்கள் எடையைக் கேட்பார்கள், சில சமயம் நிறுத்தும் பார்ப்பார்கள். வெட்கப்பட்டுப் பத்துக் கிலோ குறைத்துச் சொல்லாதீர்கள். கனத்த குளிர்கால உடையும் காலணியும் உட்பட்ட எடையைச் சொல்லுங்கள். அந்த உடையே ஐந்தாறு கிலோ வரும். இறக்கையில் உறைபனி படியும் நாளில் விமானத்தின் எடை வரம்பு இன்னும் குறையும். 2025 பிப்ரவரி 6 அன்று உனலக்லீட்டிலிருந்து நோமுக்கு வந்துகொண்டிருந்த ஒரு கேரவன் கடற்பனியின் மேல் விழுந்தது. அதில் இருந்த 10 பேரும் இறந்தார்கள். புறப்பாடு தள்ளிப்போகிறது என்று விமானி சொன்னால் காரணம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், வாதாடக் கூடாது.

வானிலை அறிக்கையை நீங்களே படிக்கப் பழகுங்கள். நான்கெழுத்துக் குறியீட்டைக் கொடுத்தால் இலவசமாகக் கிடைக்கும். முழுவதும் புரிய வேண்டியதில்லை. மூன்று விஷயம் போதும். முதலாவது காற்று. ஐந்து இலக்கமாக வரும்: 09025 என்றால் 90 பாகையிலிருந்து, அதாவது கிழக்கிலிருந்து, 25 நாட். கொட்ஸபியூவில் ஜெட் இறங்கும் ஓடுபாதை கிழக்கு–மேற்காகக் கிடக்கிறது. கிழக்குக் காற்று எவ்வளவு அடித்தாலும் நேர்முகமாக வருவதால் அது பெரிய தொல்லையில்லை. அதே 25 நாட் வடக்கிலிருந்தோ தெற்கிலிருந்தோ வந்தால் விமானத்தைப் பக்கவாட்டில் தள்ளும். அப்போதுதான் யோசிக்க வேண்டும். இரண்டாவது பார்வைத் தொலைவு, மூன்றாவது மேகத்தின் அடித்தளம். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் குறைந்தால் மதியத் திட்டத்தை மறுபடி யோசியுங்கள்.

குளிர்காலம் மட்டும்தான் மோசம் என்று நினைக்க வேண்டாம். கோடையில் கடற்பனி உருகியபின் குளிர்ந்த நீரின் மேலிருந்து மூடுபனி நோமின் மேல் வந்து உட்காரும். வெயில் அடிக்கும் ஜூலை மாதத்தில் விமானம் ரத்தானது என்றால் உறவினர்கள் நம்பமாட்டார்கள்.

வெளிச்சமும் கணக்கில் சேரும். கொட்ஸபியூ ஆர்க்டிக் வட்டத்துக்குச் சற்று வடக்கே, 35 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. அப்படியானால் டிசம்பர் 21 அன்று சூரியனே உதிக்காது என்று பாடப்புத்தகம் சொல்லும். உண்மையில் உதிக்கும். காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால் சூரியனின் மேல் விளிம்பு ஒன்றே முக்கால் மணி நேரம் அளவுக்கு அடிவானத்தில் உருண்டுவிட்டுப் போகும். கருவிகளை நம்பிப் பறக்கும் விமானத்துக்கு இருட்டு தடையல்ல. ஆனால் கண்ணால் பார்த்து மட்டுமே இறங்கக்கூடிய கிராமத்து ஓடுபாதை வழியில் இருந்தால், அந்தச் சிறு பகல்தான் அன்றைய நாளின் மொத்தக் கையிருப்பு.

1925 ஜனவரியில் நோமில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது மருந்தை விமானத்தில் கொண்டுவரலாம் என்ற பேச்சு எழுந்தது. விமானங்கள் ஃபேர்பேங்க்ஸில் குளிர்காலத்துக்காகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றில் விமானி திறந்தவெளியில் உட்கார வேண்டும். கடைசியில் நெனானா ரயில் நிலையத்திலிருந்து நோம் வரை 674 மைலை, 20 வண்டியோட்டிகள் மாறி மாறி நாய்வண்டிகளில் கடந்தார்கள். ஐந்தரை நாள். விமானமே இருந்தும் நாயைத் தேர்ந்தெடுத்தது அந்தக் காலத்துப் பின்தங்கிய புத்தி என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்து சேரும் என்று நம்பத்தக்க வழியை எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஏழாம் படி: கடிகாரத்தைச் சரிபாருங்கள்

நோமும் கொட்ஸபியூவும் ஒரே அலாஸ்கா நேரத்தில் ஓடுவதால் இங்கே தொல்லையில்லை. ஆனால் அதே நோமிலிருந்து மேற்கே சுமார் 375 கிலோமீட்டரில், பெரிங் நீரிணைக்கு அப்பால், ரஷ்யாவின் ப்ரொவிதேனியா இருக்கிறது. 1988 ஜூனில் அலாஸ்கா ஏர்லைன்ஸின் விமானம் ஒன்று பனிப்போர் எல்லையைத் தாண்டி நட்புப் பயணமாக அங்கே போய்வந்தது. இன்று டிக்கெட் வாங்கிப் போகும் வழி அல்ல அது. கணக்குக்கு மட்டும் நல்ல உதாரணம். நடுவில் தேதிக்கோடு ஓடுகிறது. குளிர்காலத்தில் நேர வித்தியாசம் 21 மணி. நோமில் திங்கள் காலை 10 மணிக்குக் கிளம்பி ஒரு மணி நேரம் பறந்தால் அங்கே செவ்வாய் காலை 8 மணி. உடனே திரும்பினால் திங்கள் நண்பகல் 12 மணிக்கு நோமில் இறங்குவீர்கள்.

அட்டவணையில் இருக்கும் கிளம்பும் நேரமும் சேரும் நேரமும் உள்ளூர் நேரங்கள். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பயண நேரம் எடுக்காதீர்கள். இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிய பிறகு கழியுங்கள். அலாஸ்கா குளிர்காலத்தில் அதற்கு 9 மணி பின்னால், கோடையில் 8. நம் ஊரிலிருந்து தொலைபேசியில் விசாரிப்பவர்கள் குளிர்காலத்தில் பதினான்கரை மணி வித்தியாசம் என்று நினைவு வைத்துக்கொண்டால் போதும்: நமக்கு இரவு பத்தரை, நோமில் அதே நாள் காலை 8.

எட்டாம் படி: ஒற்றை எண்ணை எழுதாதீர்கள்

எல்லாம் முடிந்தபின் நான் ஒரு சிறு தாளில் மூன்று வரி எழுதுவேன். நோம்–கொட்ஸபியூவுக்கு அது இப்படி இருக்கும்.

நல்ல நாள்: நேரடிக் கேரவன், விமான நிலையத்தில் ஒரு மணி முன்னதாக, பயணம் 70 நிமிடம், பெட்டி கைக்கு வர கால் மணி. மொத்தம் இரண்டரை மணிக்குள்.

சாதாரண நாள்: நேரடி விமானம் உண்டு, ஆனால் எதிர்க்காற்றும் பனிமூட்டமும், காலையில் கிளம்ப வேண்டியது மதியம் கிளம்பும். அரை நாள். நேரடி விமானம் இல்லாவிட்டால் அங்கரேஜ் வழியாக ஒரு முழு நாள்.

கெட்ட நாள்: இரண்டு இரவுகள். இதற்கான பணமும் மாத்திரைகளும் மாற்றுடையும் பெட்டியில் போடாமல் கைப்பையில் இருக்க வேண்டும், ஏனென்றால் பெட்டி வேறு விமானத்தில் வரலாம். சிறு ஊர்களில் விடுதி அறைகள் குறைவு. ரத்தான விமானத்தின் பயணிகள் அனைவரும் ஒரே நேரத்தில் அதே சில அறைகளைத்தான் தேடுவார்கள். ரத்து என்று அறிவிப்பு வந்ததும் கவுன்டரில் வரிசையில் நிற்பதற்கு முன் விடுதிக்குத் தொலைபேசி செய்யுங்கள்.

திரும்பும் டிக்கெட்டை இந்த மூன்றாவது வரியை வைத்துப் போடுங்கள். கொட்ஸபியூவில் புதன்கிழமை வேலை முடிகிறது என்றால், அங்கரேஜிலிருந்து நாடு திரும்பும் பெரிய விமானத்துக்கு வெள்ளி இரவு டிக்கெட். வியாழனே கிளம்பிவிடலாம் என்று பயணி சொல்வார். நானும் ஒருமுறை ஒருவர் சொன்னதைக் கேட்டு வியாழன் போட்டுக்கொடுத்தேன். அவர் சனிக்கிழமை அங்கரேஜ் வந்து சேர்ந்தார்.